பழகப் பழகப் புளியாத பொருள்

(நமது நகரத்தார் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வியாபாரத்தைப் பற்றியும், கல்வியைப் பற்றியும், திருக்கோயில் பணியைப் பற்றியும் இம்மேடையில் பேசுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கின்றனர். ஆதலின், காரியதரிசியவர்கள் என்னைப் பேசுமாறு பணித்தபொழுது, என் சொந்த அனுபவத்தால் எனக்குச் சிறிது தெரிந்ததும், நம் குடும்பங்களுக்கு இன்று அவசரமானதுமான ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். அது நம் வீட்டுச் சுவர்களிலும் பெட்டகங்களிலும் உள்ள கலைப்பொருள்களைப் பற்றியது. அவற்றுள் எவை நம் கருத்தை நெடுங்காலம் பற்றி நிற்கின்றன, எவை சின்னாளில் வெறுஞ் சாமானாகிவிடுகின்றன என்பதே நான் ஆராயப் புகும் கேள்வி.

இஃது ஓய்வாக இருப்பவர்கள் பேசும் பேச்சன்றோ என்று சிலர் கருதக்கூடும். அப்படியன்று. நம் ஊர்களில் உள்ள பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-களுக்குள் கட்டப்பட்டவை. பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும், ஆத்தங்குடிக் கல்லும் அவற்றில் வந்து சேர்ந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்த பின்னர் நம் முன்னோரின் செல்வம் எவ்வாறு குலைந்தது என்பதும் நீவிர் அறிந்ததே. இன்று அவ்வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் பங்காளிகள் பலர். அவர்களோ சென்னையிலும், சிங்கப்பூரிலும், அமெரிக்காவிலும் சிதறி வாழ்கின்றனர். கலியாணத்துக்கும் படைப்புக்கும் மாத்திரம் வீடு திறக்கப்படுகின்றது. பின்பு ஒரு நாள் பங்கு பிரிக்க அமர்கின்றோம். அன்று ஒரு பகற்பொழுதுக்குள், எதனை வைத்துக்கொள்வது, எதனை விற்பது என்று தீர்ப்புச் சொல்லவேண்டியவர்களாகின்றோம். எது நம்மோடு வாழத் தக்கது என்று முன்னரே சிந்தித்திராதவன் அந்தத் தீர்ப்பைத் தவறாகவே சொல்வான். நான் அவ்வாறு சொன்னவன். ஆதலின் என் கதையையே முதலில் கூறிவிடுகின்றேன்.

எங்கள் ஐயா கட்டிய வீட்டின் முகப்பில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெல்ஜியம் கண்ணாடி ஒன்று இருந்தது. செதுக்கு வேலை நிறைந்த தேக்குச் சட்டம் உடையது. வந்தவரெல்லாம் அதனைப் புகழாமற் போனதில்லை. இரண்டாங்கட்டில், களஞ்சிய அறைக்குப் பக்கத்துச் சுவரிலோ, ஒரு முழ உயரமே உள்ள கண்ணாடிப் படம் ஒன்று தொங்கியது. வெண்ணெய்த் தாழியருகே தவழும் கண்ணனும், இரு புறத்தும் இரண்டு கோபியரும் அதில் தீட்டப்பட்டிருந்தனர். எங்கள் அப்பத்தாள் களஞ்சியத்துக்குச் சாவி எடுத்துச் செல்லும்போதெல்லாம் அதன் முன் ஒரு கணம் நிற்பார். நாங்கள் சிறுபிள்ளைகள், பலகாரத்துக்காக அவர் பின்னே சென்று, அவர் கதவைத் திறக்கும்வரை அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணனது ஒரு காற்சதங்கையில் ஒரு மணி குறைந்திருந்ததை நான் கண்டுபிடித்தபோது எனக்கு வயது ஏழிருக்கும். வலப்புறத்துக் கோபி கண்ணனைப் பாராமல் நம்மையே பார்க்கின்றாள் என்பதும், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கின்றாள் என்பதும் பின்னொரு கோடை விடுமுறையில் எனக்குப் புலனாயின.

ஆண்டுகள் பல சென்றன. அப்பச்சி காலத்துக்குப் பின் பங்கு பிரித்தோம். வெள்ளியும் பித்தளையும் நிறுத்துப் பிரிக்கப்பட்டன. பெரிய சாமான்களுக்குச் சீட்டுப் போட்டோம். பெல்ஜியம் கண்ணாடி எனக்கு விழுந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கண்ணாடிப் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஓரத்தில் வண்ணம் உதிர்ந்திருந்த அதனை, உடைந்த இனாமல் அடுக்குகளோடும் பழங்குடைகளோடும் சேர்த்து, உதிரிச் சாமான் என்று எழுதி, பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் மொத்த விலைக்குக் கொடுத்துவிட்டோம். பட்டியலை எழுதிய கை என்னுடையதே.

பெல்ஜியம் கண்ணாடி இப்போது சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றது. அதில் என் முகத்தையன்றி வேறொன்றையும் நான் கண்டதில்லை. கண்ணாடிப் படமோ என் நினைவில் இன்றளவும் தொங்கிக்கொண்டிருக்கின்றது. அதனினும் வருத்தம் ஒன்று உண்டு. இடப்புறத்துக் கோபியின் கையில் இருந்தது யாது என்பது எனக்கு மறந்துவிட்டது. மத்து என்று நான் எண்ணுகின்றேன். கிளி என்று என் மூத்த ஆச்சி கூறுகின்றார். எடுத்துப் பார்த்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள இனி வழியில்லை.

அன்று தொடங்கிய கேள்விதான் இது. விலை மிக்கது ஏன் என் கருத்தைப் பற்றவில்லை? விலையற்றது ஏன் பற்றிற்று?

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம்மவர் பழமொழி. அதற்கு மாறாக, பழகுந்தோறும் இனிமை மிகுவதும் உண்டென்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருவள்ளுவர் பண்புடையார் நட்புக்கு நூலின் நயத்தை உவமையாகக் கூறியது நீவிர் அறிந்ததே. வீட்டில் வைக்கும் படத்துக்கும் பொம்மைக்கும் இதுவே உரைகல் என்பது என் துணிபு. பழகப் பழகப் புளிப்பது எது, புளியாதது எது என்று பார்த்தலே அவற்றை மதிப்பிடும் வழி.

இவ்வுரைகல்லை வீட்டிலன்றி வேறெங்கும் பயன்படுத்த முடியாது. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் மக்கள் ஒரு சித்திரத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்று கணக்கெடுத்து, அதன் முடிவை 2001-இல் வெளியிட்டார்கள். சராசரி 27 வினாடி. பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துபோயின. உலகப் புகழ்பெற்ற சித்திரங்களுக்கே கிடைப்பது அவ்வளவுதான். எங்கள் அப்பத்தாளோ அச்சிறு படத்தின் முன் நாள்தோறும் சில கணங்கள் என ஐம்பது ஆண்டுகள் நின்றிருப்பார். கூட்டிப் பார்த்தால் எத்தனை நாழிகை ஆகும்! வீட்டிலுள்ள பொருளுக்கே அத்தகைய பேறு வாய்க்கும்.

அங்ஙனமாயின், நாள்தோறும் பார்ப்பதனாலேயே எதுவும் நமக்கு இனிதாகிவிடுமோ? உளநூல் வல்லார் சிலர் அவ்வாறே கருதினர். ஒரு பொருள் பன்முறை கண்ணிற் பட்டாலே அதன்பால் விருப்பம் வளரும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1968-இல் எழுதினார். ஆனால் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சோதனை 2013-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் வீட்டு அலங்காரத்துக்காக ஏராளமாக விற்பனையாகிய தாமஸ் கின்கேடின் படங்களையும், 19-ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரர் ஜான் எவரெட் மில்லேயின் படங்களையும் மாணவர்களுக்குப் பன்முறை காட்டினர். பலகாலும் பார்த்ததனால் முன்னவருடைய படங்களின்மேல் விருப்பம் குறைந்தது. பின்னவருடைய படங்களின்மேல் அவ்வாறு குறையவில்லை. ஒரு சோதனையை வைத்து முடிந்த முடிபு கூறல் தகாது. எனினும், பழக்கம் ஒன்றே போதாது, பழக்கத்தைத் தாங்கும் வலிமை பொருளினிடத்தே இருத்தல் வேண்டும் என்னும் நம் பாட்டிமார் அறிவுக்கு அது சான்றாகின்றது.

அவ்வலிமை யாது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை நான்கு இலக்கணங்கள் கூறுவேன்.

முதலாவது, செய்தவனுடைய கை அப்பொருளில் தெரிதல் வேண்டும். தஞ்சாவூர்ப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் புளியங்கொட்டைப் பசையிற் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டிச் செய்யப்படுவது அது. நல்ல பழைய படமொன்றை மாலை விளக்கொளியில் சாய்ந்து பாருங்கள். மேடுகள் ஒன்றுபோல் ஒன்று இரா. எங்கே அவன் கை நிதானித்தது, எங்கே விரைந்தது என்பது தெரியும். கண்ணாடிப் படத்திலோ இன்னும் வியப்பு. இவ்வித்தை 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்து, தஞ்சாவூரில் தனி உருக்கொண்டது. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறத்திற் பார்ப்பதாதலால், மற்றச் சித்திரக்காரன் இறுதியிற் செய்வதனை இவன் முதலிற் செய்தாக வேண்டும். கண்மணியும், மூக்குத்தியும், மாலையின் முத்தும் முதலில், உடம்பின் நிறம் பிறகு, பின்புலம் கடைசியில். முதலிற் போட்ட கோடு மற்ற வண்ணங்களுக்கு அடியிற் போய்விடுமாதலின், தவறினாலும் பின்னர்த் திருத்த முடியாது. எங்கள் கண்ணனது சதங்கையில் ஒரு மணி குறைந்ததன் காரணம் இதுவாகவே இருக்கலாம் என்று, இதனை அறிந்த பின்னரே எனக்குத் தோன்றிற்று. குறையென்று நான் எண்ணியது ஒரு மனிதனுடைய கையடையாளம்.

அச்சுப்படத்துக்கு இவ்விலக்கணம் இல்லையே என்பீர்கள். ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், அவருடைய இலட்சுமியும் சரசுவதியும் நம் வீடுகள்தோறும் வந்தனர். ஒரே படம் எத்தனையோ வீடுகளில் இருந்தது உண்மை. ஆனால் நம் பெண்மக்கள் அவற்றை அப்படியே விட்டார்களா? இலட்சுமியின் சேலைமேல் பட்டுத்துணி ஒட்டி, சரிகை தைத்து, ஜிகினாவும் மணியும் பதித்துத் தம்முடைய இலட்சுமியாக ஆக்கிக்கொண்டனர். அத்தகைய படம் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அச்சுப்படந்தானே என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் குடும்பத்துப் பெண்ணொருத்தி எத்தனையோ பகற்பொழுதுகளைச் செலவிட்ட வேலை அதில் இருக்கின்றது. வியாபாரிக்கு அது சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். உங்களுக்கு அஃது ஒருத்தியின் கையெழுத்து.

இரண்டாவது, அப்பொருள் தன்னை முழுவதும் ஒரே பார்வையில் ஒப்புவித்துவிடலாகாது. சோபாவின் நிறத்துக்கும் சுவரின் நிறத்துக்கும் பொருத்தமாக வாங்கப்படும் படங்கள் பெரும்பாலும் முதல் நாளே பேச்சை முடித்துவிடுகின்றன. பிறகு அவை சுவரேயாகின்றன. என் பெல்ஜியம் கண்ணாடியும் அவ்வாறே ஆயிற்று. அதன் பெருமை அளவிலும் விலையிலும் இருந்தது. அவற்றை முதல் நாளே அறிந்துவிட்டேன். வலப்புறத்துக் கோபியின் அடக்கிய சிரிப்போ, நான் பல ஆண்டுகள் பார்த்த பின்னரே எனக்குத் தெரிந்தது. ஆகவே, ஒரு பொருளை வாங்குமுன், நேற்றுக் காணாத ஒன்றை இன்று இதில் கண்டேனா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கூடுமானால் இரண்டாம் முறை சென்று பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள்.

மூன்றாவது, வீட்டின் அன்றாட ஒழுக்கத்தில் அதற்கு ஓரிடம் இருத்தல் வேண்டும். கலைப்பொருள் என்றதும் சட்டமிட்ட படத்தையே நினைக்கின்றோம். நடுவீட்டுக் கோலத்தை நினையுங்கள். பச்சரிசி மாவைக் கரைத்துத் தரையில் இழையோட்டுவது. சில நாட்களில் அழிந்துபோவது. அழிந்தும் அது பல தலைமுறையாக நம் கருத்தினின்று நீங்கவில்லை. ஏனெனில் ஒவ்வொரு நற்காரியத்துக்கும் ஒருத்தி குனிந்து அதனை மறுபடியும் இடவேண்டியிருக்கின்றது. பனையோலைக் கொட்டானும் அப்படியே. அதன் மணிவேலையையும் நிறத்தையும் நாம் தனியே நின்று ரசிப்பதில்லை. சீர்வரிசை எடுக்கும்போதும் தாம்பூலம் கொடுக்கும்போதும் கையிலேந்தியே ரசிக்கின்றோம். அப்பத்தாளுக்கு அக்கண்ணாடிப் படம் களஞ்சியத்துக்குப் போகும் வழியில் இருந்தது. முகப்பில் மாட்டியிருந்தால் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அவர் பார்த்திருக்கமாட்டார். கண்ணுக்கும் காலுக்கும் வழக்கமான வழியில் ஒரு பொருளை வைத்தலே அதனோடு வாழ்தலாகும்.

நான்காவது, அதனைச் சுற்றிச் சிறிது வெறுமை வேண்டும். இவ்விஷயத்தில் நாம் ஜப்பானியரிடம் கற்கலாம். அவர்களுடைய பழைய முறை வீடுகளில் தோகோநோமா என்னும் ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு சித்திரச் சுருளைத் தொங்கவிட்டு, அதனருகே ஒரு பூச்சாடி வைப்பார்கள், அவ்வளவே. பருவம் மாறும்போது அச்சுருளைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, வேறொன்றை எடுப்பார்கள். பத்துச் சுருள் உடையவனும் பத்தினையும் ஒருங்கே மாட்டுவதில்லை. நாமோ பட்டாலைச் சுவர் முழுவதும் வரிசையாக மாட்டி, ஒன்றையும் பாராமல் இருக்கப் பழகிவிட்டோம்.

இப்போது இளைஞர்கள் எழுப்பும் தடை ஒன்றுக்கு விடை கூறவேண்டும். “இரண்டு அறை அடுக்ககத்தில் குடியிருக்கின்றோம், ஐயா வீட்டுச் சாமானை எங்கே வைப்பது?” என்கின்றார்கள். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் வைக்கவேண்டியதில்லை. ஒன்று போதும். நான் இதுவரை கூறியதன் பொருளும் அதுவே. பெரியதொன்றைச் சீட்டில் பெற்று இடமின்றித் தவிப்பதினும், கையிலே எடுத்துச் செல்லத்தக்க சிறிய பொருளொன்றை அறிந்து தேர்ந்தெடுத்தல் மேலானது.

விற்பவர்களை நான் குறை கூற வரவில்லை. மகள் கலியாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் விற்றவர்கள் உண்டு. பொருளினும் உயிர் பெரிது. காரைக்குடிக் கடைகளுக்குச் சென்றதனாலேயே கறையானுக்குத் தப்பிய பொருள்களும் பல. ஆனால் பாராமல் விற்றல் வேறு, பார்த்து விற்றல் வேறு. நூறாண்டுக்கு மேற்பட்ட சித்திரங்களும் சிற்பங்களும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்களாதலின், தனிப்பட்டவர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பதையும் அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டுகின்றேன்.

வைத்துக்கொள்பவர்களுக்குச் சில எளிய குறிப்புகள். நேர் வெயில் படும் சுவரில் படத்தை மாட்டாதீர்கள். அச்சுப்படத்தின் வண்ணம் வெளுக்கும். ஈரச்சுவர் எந்தப் படத்துக்கும் ஆகாது. தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வீட்டில் கிடைக்கும் எண்ணெய் எதனையும் பூசாதீர்கள். கண்ணாடிப் படத்தின் பின்புறத்தை விரலாலும் தொடவேண்டா. வண்ணம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் நிற்பவர் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் மாட்டுங்கள். உத்தரத்தை ஒட்டி மாட்டிய படம் பல்லிக்கே பயன்படும்.

இறுதியாகச் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றேன். பங்கு பிரிக்க முற்படும் குடும்பத்தார், பட்டியல் எழுதுவதற்கு முந்தின நாள், பெரியோரும் சிறியோருமாக அவ்வீட்டில் ஒரு பகல் தங்கவேண்டும். ஒவ்வொருவரும், குழந்தைகள் உள்பட, தாம் அதிகம் பார்த்த பொருள் எது என்று சொல்லவேண்டும். எடை பார்ப்பதும் விலை போடுவதும் மறுநாள் நடக்கட்டும். அன்று ஒவ்வொரு பொருளையும் புகைப்படமெடுத்து, எவர் செய்தது, எவர் வாங்கியது, எவர் நாளில் வந்தது என்று வயதான ஆச்சிமார் சொல்வதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தல் நலம். பொருளை விற்க நேர்ந்தாலும் அக்குறிப்பு மிஞ்சும்.

இரண்டாவது, வரும் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பொருள் ஒன்றினைக் கொண்டுவரட்டும். விலை உயர்ந்தது வேண்டா. பழகியும் புளியாதது போதும். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அவற்றை இடைவெளி விட்டு வைப்போம். கொண்டுவந்தவர் அருகில் நின்று, தாம் அதில் கண்டதனை இளைஞர்களுக்குச் சொல்லட்டும். பரிசு யாருக்கும் வேண்டியதில்லை.

என் வீட்டிலிருந்து அந்தப் பெரிய கண்ணாடியைக் கொண்டுவர மாட்டேன். ஆனால் உங்களில் எவர் வீட்டிலேனும், எங்கேனும் கடையில் வாங்கிய, ஒரு முழ உயரமுள்ள வெண்ணெய்த் தாழிக் கண்ணன் கண்ணாடிப் படம் இருந்து, காற்சதங்கையில் ஒரு மணி குறைந்திருக்குமாயின், அதனைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள். திருப்பிக் கேட்கமாட்டேன். இடப்புறத்துக் கோபியின் கையில் இருப்பது மத்தோ கிளியோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் ஆச்சிக்கும் காட்டிவிட்டு, உங்களுக்கு நன்றி கூறிப் போவேன்.